நரம்பு நிற்கும் இடம்

வீணையின் குடத்தின்மேல் நிற்கும் குதிரையும், பேஸ் கிட்டாரின் பின்முனையில் திருகாணிகளால் இறுக்கப்பட்ட உலோகத் தகடும் ஒரே வேலைக்காகப் பிறந்தவை. நரம்பின் அதிரும் நீளம் இவ்விடத்தில் முடிகிறது என்று எல்லை வகுப்பதே அந்த வேலை. ஆயினும் ஓசையை உருவாக்குவதில் இரண்டின் பங்கும் ஒன்றன்று. வீணையில் குதிரை பாடுகிறது. பேஸ் கிட்டாரில் அது அளக்கிறது. இந்த வேறுபாட்டை அறியாமல் புதுக் குதிரை வாங்கப் போகிறவர்கள், பெரும்பாலும் உலோகத்தின் எடைக்கே பணம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். வாசிப்போர் பேச்சில் குதிரையின் பெயர் பிரிட்ஜ். அதன்மேல் ஒவ்வொரு நரம்பையும் தாங்கும் சிறு துண்டு சேடில். இக்கட்டுரையில் அவற்றைக் குதிரை, சேணம் என்றே வழங்குவோம்.

கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு நடத்திவந்த சி. வி. இராமன், 1921-இல் இந்திய நரம்புக் கருவிகள் சிலவற்றைப் பற்றி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். வீணை, தம்பூரா ஆகியவற்றின் குதிரைகளே அதன் பொருள். தாமசு யங் கண்டறிந்து, பின்னர் ஹெல்ம்ஹோல்ட்சு பெயரோடும் சேர்த்து வழங்கப்பட்ட விதி ஒன்று உண்டு. நரம்பை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் கணு கொண்ட மேலதிர்வுகள் எழமாட்டா என்பது அவ்விதி. நட்டநடுவில் மீட்டினால் இரண்டாம், நான்காம், ஆறாம் மேலதிர்வுகளின் ஒலி கேட்கக் கூடாது. இக்கருவிகளிலோ அவை தெளிவாகவே கேட்டன. விதியை மீறச் செய்தது குதிரையின் மேற்பரப்பு என்று இராமன் காட்டினார். வீணைக் குதிரையின் மரத்தின்மேல் பதித்த உலோகத் தகடு மெல்ல வளைந்து சரிகிறது. நரம்பு அதை ஒரு கோட்டில் மட்டும் தொட்டு நிற்பதில்லை. ஒவ்வோர் அதிர்விலும் அவ்வளைவின்மேல் படிந்து, விலகி, மீண்டும் படிகிறது. அந்தப் படிதலே புதிய மேலதிர்வுகளை ஊட்டுகிறது. தகட்டின் வளைவில் அரம் சற்றே கூடுதலாக ஓடினாலும் வீணையின் நாதம் மாறிவிடுவது இதனால்தான்.

பேஸ் கிட்டாரில் நாம் நாடுவது இதற்கு நேர் எதிரானது. சேணத்தின் முன்விளிம்பில் நரம்பு ஒரே கோட்டில் பிரிய வேண்டும். அவ்விளிம்பு தேய்ந்து பரந்துவிட்டால், வீணையில் இனிமையாகிற அதே படிதல் இங்கே கிரீச்சென்ற இரைச்சலாகிறது. நரம்பின் நீளமே ஐயத்துக்கு இடமாகிறது. இன்னொன்றும் உண்டு. வீணையில் குதிரை தன் அதிர்வைக் கீழுள்ள பலகைக்குக் கடத்தினால்தான் ஓசை அவைக்குப் போகும். பேஸ் கிட்டாரிலோ நரம்பின் அசைவைக் காந்தச் சுருள் நேரே மின்னாக்கிவிடுகிறது. குதிரை வழியே கட்டைக்குள் கசியும் ஆற்றல் கேட்போரைச் சென்று சேர்வதில்லை, மரத்தில் வெப்பமாய்க் கரைந்துவிடுகிறது. ஆகவே நல்ல பேஸ் குதிரை, வந்த அலையை விழுங்காமல் நரம்புக்கே திருப்பித் தரவேண்டும்.

1951-இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரிலிருந்து லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிசன் பேஸ், 34 அங்குல நரம்பளவு கொண்டது, அதாவது 863.6 மில்லிமீட்டர். அதன் குதிரை வெறும் வளைத்த தகடு. நான்கு நரம்புக்கும் இரண்டே சேணங்கள் இருந்தமையால், ஒரு நரம்பைச் சரிசெய்தால் அதன் இணை வழுவியது. 1957-இல் வந்த திருத்தத்தில் நரம்புக்கு ஒன்றாக நான்கு சேணங்கள் அமைந்தன. இன்று சென்னைக் கடைகளில் தொங்கும் எளிய தகட்டுக் குதிரைகள் அதன் வழித்தோன்றல்களே. 1970-களில் 'பேடாஸ்' என்னும் கனத்த வார்ப்புக் குதிரை அமெரிக்காவில் பெயர் பெற்றது. கனம் கூடினால் நாதம் நீளும் என்ற நம்பிக்கையும் அதனோடு சேர்ந்து பரவி, விளம்பரத் தாள்களில் நிலைத்துவிட்டது.

இந்த நம்பிக்கையை ஒரு தோராயக் கணக்கால் உரசிப் பார்க்கலாம். தடித்த ஈ நரம்பு நொடிக்கு 41.2 முறை அதிர்கிறது. நீளத்தின் இருமடங்கை அதனோடு பெருக்கினால், நரம்பில் அலை ஓடும் விரைவு நொடிக்கு 71 மீட்டர். நரம்பின் இழுவிசை ஏறத்தாழ 17 கிலோ எடை. இழுவிசையை விரைவால் வகுக்கக் கிடைக்கும் அலைத்தடை நொடிக்கு 2.3 கிலோ. மறுபக்கம், 4 கிலோ எடையுள்ள கருவி தன் நிறையால் மட்டுமே அதே அதிர்வெண்ணில் காட்டும் தடை 1,000-ஐத் தாண்டுகிறது. ஒன்றுக்கு மற்றொன்று 450 மடங்கு! குதிரையில் 200 கிராம் உலோகத்தைக் கூட்டினால் அந்த 450, ஏறத்தாழ 470 ஆகும். அலை முன்பும் முழுமைக்கு மிக அருகில் திரும்பியது. இப்போதும் அப்படியே திரும்புகிறது. மரக்கட்டை வளையும், நெளியும், உயர்ந்த அதிர்வெண்களில் தன் போக்கில் நடக்கும் என்பது உண்மைதான். ஆயினும் கணக்கின் அளவுப்படி மாறுவதில்லை.

அப்படியானால் சில இடங்களில் மட்டும் நாதம் சட்டென்று அவிந்துபோவது ஏன்? ஜி நரம்பில் ஐந்தாம் ஃபிரெட்டுக்கும் ஏழாம் ஃபிரெட்டுக்கும் அருகே இந்த 'டெட் ஸ்பாட்' பல கருவிகளில் உண்டு. செருமனியின் மியூனிக் நகரில் 1990-களில் ஹெல்முட் ஃபிளைஷர் மின்கிட்டார்களின் அதிர்வை அளந்தபோது, குதிரைப் பக்கம் ஏறக்குறைய அசையாமலே இருக்கக் கண்டார். ஆற்றலை உறிஞ்சியது கழுத்து. கழுத்தின் இயல்பான அதிர்வெண்ணும் விரல் வைத்த சுரமும் ஒத்துவிடும் இடத்தில் கழுத்து நரம்போடு சேர்ந்தாடி அதன் உயிரைக் குடித்துவிடுகிறது. பின்முனையில் எத்தனை விலையுயர்ந்த குதிரையை ஏற்றினாலும் இந்தக் குறை தீராது. கனத்த குதிரை வீண் என்று சொல்லவரவில்லை. சேணம் பக்கவாட்டில் ஆடாமல் பள்ளத்தில் பூட்டி நிற்பதும், சிறு திருகாணிகள் கிணுகிணுக்காமல் இருப்பதும் அதன் உண்மையான நலன்கள். அவை கட்டமைப்பால் வருபவை.

இனி, வேலூர் வட்டாரத்திற்கு வருவோம். வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எனப் பாலாற்றை ஒட்டி நீளும் தோல் நாட்டில் பேஸ் கிட்டார் அரிய பொருளன்று. வேலூர்க் கோட்டைக்குள் 1846-இல் எழுந்த புனித யோவான் ஆலயம் முதல் ஆம்பூரின் லுத்தரன் சபைகள் வரை நெடிய கிறித்தவ மரபு உண்டு. ஞாயிறு வழிபாட்டில் கீபோர்டுக்கும் டிரம்சுக்கும் நடுவே பேஸ் கிட்டாருக்கு இடம் கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. வேலூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் 'ரிவியரா' விழாவில் இசைக்குழுக்கள் ஆண்டுதோறும் மேடையேறுகின்றன. இளையராசாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த செவிகளுக்கு, பாட்டின் அடியில் தனியே நடக்கும் அந்த நரம்பின் நடை புதிதுமன்று.

இங்கே குதிரை மாற்றப்படுவதற்கு முதற்காரணம் துரு. வலக்கையின் அடிப்பகுதி குதிரையின்மேல் படிந்திருக்கும். மே மாதத்தில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் வேலூர் வெயிலில் அக்கை உப்பு வியர்வையைச் சொரியும். மலிவான குதிரைகளின் சேணங்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. அதன்மேல் நிக்கல், நிக்கலின்மேல் ஒரு மைக்ரானுக்கும் குறைவான குரோமியம். பளபளப்பைத் தருவது குரோமியம் எனினும் காவல் காப்பது நிக்கலே. குரோமியப் படலத்தின் நுண்ணிய விரிசல்கள் வழியே குளோரைடு இறங்கி, நிக்கலில் ஓர் ஊசித்துளை கிடைத்தால் போதும். அடியில் உள்ள துத்தநாகம் அரிக்கப்பட்டு மேற்பூச்சு கொப்புளமாய் எழும். உயரம் திருத்தும் ஊசித்திருகுகள் அதைவிட விரைவில் துருவேறிச் சேணத்தோடு பற்றிக்கொள்ளும். அவற்றை வலிந்து திருப்பினால் ஆலன் கீ நுழையும் அறுகோணக் குழி உருண்டுபோகும். துரு இளக்கும் எண்ணெயை ஒரு சொட்டு இட்டு ஓரிரவு காத்திருந்து, அதன் பிறகும் அசையாவிட்டால்தான் புதுக் குதிரையைப் பற்றி எண்ண வேண்டும்.

குரோமியம் இவ்வட்டாரத்தார்க்கு அறிமுகம் வேண்டாத உலோகம். மும்மின்னேற்றக் குரோமியத்தின் உப்பு தோலின் கொலாசன் இழைகளைப் பிணைத்து, நீலம் பாய்ந்த 'வெட் ப்ளூ'வாக மாற்றுகிறது. முலாம் பூசும் தொட்டியில் வழக்கமாகப் பயன்படுவதோ அறுமின்னேற்றக் குரோமியம், நஞ்சு மிக்கது. இராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட்டு ஆலை விட்டுச்சென்ற 1.5 இலட்சம் டன்னுக்குக் குறையாத கழிவுமேடு இரண்டாம் வகையின் நினைவுச்சின்னம். தேய்ந்த முலாமை வீட்டில் அமிலம் ஊற்றிக் கழற்ற முற்படுவோர் இதை மனத்தில் கொள்க.

தோல் பதனிடும் இடங்களில் மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சேர்க்கும் சல்ஃபைடு, அமிலம் பட்டால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஆவியை விடும். செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்வது அது. முலாம் இல்லாத பித்தளையும் மங்கும். ஆகவே ஆலைக்கு அருகில் குடியிருப்பவர் வெறும் பித்தளைச் சேணம் வாங்கினால், அடிக்கடி துடைக்கும் பொறுமையையும் சேர்த்தே வாங்க வேண்டும். இத்தகைய காற்றுக்கு என் முதல் தேர்வு துருப்பிடிக்காத எஃகுச் சேணம். கறுப்புப் பூச்சுள்ள குதிரைகள் அழகானவைதாம். அவற்றின் அடிப்பக்கத்துப் பூச்சு மின்சாரத்தைத் தடுக்கும் என்பது பின்னர்த் தொல்லையாகும்.

ஆம்பூர்த் தோலில் அழகிய தோள்வார் எளிதில் கிடைக்கும். வாசித்து முடித்ததும் அந்த வாரைச் சுருட்டிக் குதிரையின்மேல் போட்டுப் பையை மூடுவது பலரின் வழக்கம். பதனிட்ட தோல் சற்றே அமிலத்தன்மை உடையது; ஈரம் ஊறிய தோல் உலோகத்தின்மேல் கிடந்தால் அரிப்பு விரையும். ஆவாரம் பட்டை போன்ற மரப்பட்டைகளால் பதனிட்ட தோலாயின், அதன் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து மைபோல் கருநீலக் கறை உண்டாக்கும். மழைக்காலத்தில் வாரைக் கழற்றித் தனியே வைப்பது நன்று.

வாங்குமுன் அளக்க வேண்டியவற்றை அளந்துவிட்டால் தேர்வு தானே முடிந்துவிடும். நரம்புக்கு நரம்பு இடைவெளி, ஃபெண்டர் வகைக் கருவிகளில் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். இதை வெர்னியர் கொண்டு சேணத்தில் அளக்கலாம். தகட்டின் தடிமனை அளக்க, தோல் ஆலைகளில் செருப்பின் மேல்தோலை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குவரை அளக்கும் திக்னஸ் கேஜே போதும். தடிமன் ஏன் முதன்மை பெறுகிறது? கனத்த குதிரையின் அடித்தகடு உயரமானது. சேணத்தை முழுதும் இறக்கிய பின்னும் நரம்பு உயர்ந்தே நின்றால், கழுத்தின் வேர்ப்பள்ளத்தில் சிறு ஆப்பு வைத்துக் கழுத்தைச் சாய்க்க நேரும். கழுத்தின் வளைவு 9.5 அங்குல ஆரம் முதல் 12 அங்குலம் வரை இருந்தால், 17-ஆம் ஃபிரெட்டில் ஈ நரம்பு 2.4 மில்லிமீட்டர், ஜி நரம்பு 2 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்பது ஃபெண்டர் தரும் தொடக்க அளவு. பழைய குதிரை 17-ஆம் ஃபிரெட்டில் எவ்வளவு உயரம் காட்டியது, அதன் சேணங்கள் எவ்வளவு தாழ்ந்திருந்தன என்பதைக் கழற்றுமுன் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். திருகாணித் துளைகளின் அமைப்பும் ஒத்திருந்தால் பாதி வேலை மிச்சம். ஃபெண்டர் வகையில் பின்வரிசையில் ஐந்து துளைகள் பொதுவானவை.

துளைகள் பொருந்தாவிட்டால் பொறுமை வேண்டும். காலணி தைக்கும் நைலான் நூல் இதற்குச் சிறந்த கருவி, இழுத்துக் கட்டினால் வளையாது. கழுத்தின் தலைமுனையில் நரம்புகளைத் தாங்கும் நட்டின் இரு ஓரப் பள்ளங்களிலிருந்தும் இரு ஓரச் சேணங்கள்வரை இரண்டு நூல்களை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். கடைசி ஃபிரெட்டில் கழுத்தின் விளிம்புக்கும் நூலுக்கும் இடையே இருபுறமும் ஒரே இடைவெளி வரும்வரை குதிரையை நகர்த்துங்கள். அடுத்து நீளம். ஜி சேணத்தைத் தன் ஓட்டத்தின் முன்பகுதிக்குக் கொண்டுவந்து, நட்டிலிருந்து அதன் விளிம்பு 864 மில்லிமீட்டரில் அமையுமாறு தகட்டை வைக்க வேண்டும். தடித்த நரம்புகளின் சேணங்கள் இன்னும் சில மில்லிமீட்டர் பின்னுக்குப் போகும். அதற்கு இடம் விட்டே குறியிடுக.

பழைய துளைகளில் தேக்குக் குச்சியைச் சீவி, ஃபெவிகால் தடவி அடித்து, ஒரு நாள் உலர விடுங்கள். புதிய துளை, திருகாணியின் மரை நீங்கிய உள்தண்டின் அளவே இருக்க வேண்டும். டிரில் அலகில் ஒட்டுநாடா சுற்றி ஆழத்துக்கு எல்லை வையுங்கள். திருகாணியில் தேன்மெழுகு பூசினால் மரம் பிளக்காது. சோப்புப் பூசும் தச்சர்கள் உண்டு. சோப்பு ஈரத்தை இழுக்கும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

நரம்பு பூட்டியதும் இசைவு பார்க்க வேண்டும். பழைய நரம்பில் இதைச் செய்வது வீண். தேய்ந்தும் அழுக்கேறியும் அதன் நிறை இடத்துக்கு இடம் மாறியிருக்கும். முதலில், சேணத்திற்குச் சற்று முன்னால் நரம்பை விரலால் மெல்ல அழுத்தி விளிம்பில் தெளிவாக மடியச் செய்க. பிறகு 12-ஆம் ஃபிரெட்டின் நேர்மேலே விரலால் தொட்டு எழுப்பும் மேலதிர்வையும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். நரம்பை அழுத்தும்போது அது சற்றே நீண்டு இழுவிசை ஏறுகிறது. தடித்த நரம்பின் விறைப்பும் சேர்ந்து சுரத்தை உயர்த்துகிறது. இந்த உயர்வை ஈடுசெய்யவே சேணம் பின்னுக்குப் போகிறது.

எவ்வளவு பின்னுக்கு? அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு செண்ட். சேணத்தை 1 மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்த்தினால் திறந்த நரம்பின் சுரம் 2 செண்ட் இறங்கும். 12-ஆம் ஃபிரெட்டில் மீதமுள்ள நீளம் பாதியே ஆதலால் அங்கே 4 செண்ட் இறங்கும். திறந்த நரம்பை மீண்டும் சுதி கூட்டிய பின் எஞ்சும் வேறுபாடு 2 செண்ட். சேணத்தை நகர்த்தும் திருகாணி 3 மில்லிமீட்டர் பருமனும் அரை மில்லிமீட்டர் மரையும் கொண்டதாயின், அதன் ஒரு முழுச் சுற்று ஒரு செண்ட். அழுத்திய சுரம் 6 செண்ட் உயர்ந்து நின்றால் ஆறு சுற்றுப் பின்னுக்கு. ட்யூனரின் முள்ளை ஏமாற்றுவது நம் விரலின் அழுத்தமே. ஓங்கி அழுத்தினால் அதுவே சில செண்ட் ஏற்றிவிடும். வழக்கமாய் வாசிக்கும் அழுத்தத்தில், வழக்கமாய் மடியில் வைக்கும் நிலையில் பாருங்கள்.

குதிரையின் அடியில் ஒரு மெல்லிய மின்கம்பி வந்து முடிந்திருக்கும். நரம்புகளை நிலமின்னோடு இணைப்பது அதுவே. தகட்டை இறுக்குமுன் கம்பியின் நுனியை உரித்து விசிறிபோல் பரப்பி, அது படும் இடத்தில் தகட்டின் பூச்சை அரத்தாள் கொண்டு சுரண்டிவிடுங்கள். பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சேணத்திலும் மறுமுனையைக் கேபிள் செருகும் ஜாக்கின் வெளிவளையத்திலும் வைத்தால் தடை பூச்சியத்தை ஒட்டி வரவேண்டும். வராவிட்டால் ஆம்பிளிபயரில் இரைச்சல் ஏறும். நரம்பைத் தொட்டாலும் அடங்காது. நம் மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைவது. ஈ நரம்பின் மூன்றாம் ஃபிரெட்டில் பிறக்கும் ஜி சுரமோ நொடிக்கு 49. அந்தச் சுரத்தை நீளப் பிடித்தால் இரைச்சலோடு மோதி நொடிக்கு ஒரு முறை விம்மி அடங்கும். எந்தக் கருவியும் இல்லாமல் நிலமின் இணைப்பைச் செவியாலேயே ஓரளவு சோதிக்க இது உதவும்.

நிலமின் இணைப்பு சரியாக அமைந்த பின் ஓர் எச்சரிக்கை. நரம்பு இப்போது ஆம்பிளிபயரின் வழியே சுவர்ப் பிளக்கின் மூன்றாவதான நிலமின் துளையோடு சேர்ந்துவிட்டது. திருவிழாப் பந்தல்களிலும் பழைய மண்டபங்களிலும் அந்த மூன்றாம் துளைக்குப் பின்னால் பல வேளைகளில் கம்பியே இருப்பதில்லை. அப்படிப்பட்ட மேடையில் ஒரு கை நரம்பிலும் உதடு மைக்கிலும் பட்டால் உடம்பே இணைப்புக் கம்பியாகிவிடும். ஒலிபெருக்கிக்காரரிடம் டெஸ்டர் கேட்டுப் பிளக்கைச் சோதித்த பிறகே கேபிளைச் செருகுங்கள்.